சங்கிலியோடு வந்தவர்கள்

ஹங் துவா எல்.ஆர்.டி நிலையத்தில் இறங்கி லாலாபோர்ட் பேரங்காடிக்கு நடந்து போகிறவர்கள், அங்கே தனியாக நிற்கும் ஒரு பழைய வாசலைக் கவனித்திருப்பீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் புடு சிறைச்சாலையின் நுழைவாயில். 1891-இல் தொடங்கி 1895-இல் கட்டி முடித்த சிறை அது. 1996-இல் மூடினார்கள். 2010 ஜூன் 21 இரவு சாலையை அகலப்படுத்துவதற்காக அதன் நீண்ட மதில் இடிக்கப்பட்டது. பாரம்பரியச் சின்னமாக விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று பலர் கேட்டார்கள். பெருமைப்படும்படியான விஷயம் இல்லை அது என்பதுதான் நாடாளுமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்ன பதில்.

அதே 2010-இல், இரண்டு மாதம்கூட ஆவதற்குள், ஆஸ்திரேலியாவின் பழைய கைதி முகாம்கள் 11 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. சிட்னியில் உள்ள ஹைட் பார்க் பேரக்ஸ், டாஸ்மானியாவின் போர்ட் ஆர்தர் எல்லாம் அதில் அடக்கம். 1788 தொடங்கி 1868 வரை பிரிட்டனிலிருந்து 1,60,000-க்கும் அதிகமான கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஒரு ரொட்டியோ கைக்குட்டையோ திருடியவர்கள் முதல் அரசியல் கலகக்காரர்கள் வரை எல்லா வகையும் உண்டு. போய்ச் சேர்ந்ததும் பண்ணைக்காரர்களிடம் வேலைக்கு ஒப்படைப்பார்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் தண்டனைக் காலம் முடியும் முன்பே 'விடுப்புச் சீட்டு' கிடைக்கும், சொந்தமாகப் பிழைக்கலாம். நெடுங்காலம் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் இதை வெளியே சொல்லக் கூசின. இன்று நிலைமை தலைகீழ். எங்கள் மூதாதை இன்ன கப்பலில் கைதியாக வந்தவர் என்று விருந்தில் சொல்லிக்கொள்வது அங்கே ஒரு கௌரவம்.

இதையெல்லாம் ஏன் கோலாலம்பூரில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், நமக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. நாம்தான் அதைச் சொல்வதில்லை.

வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சியில், 'உங்கள் குடும்பம் மலாயாவுக்கு எப்படி வந்தது?' என்று நேயர்களிடம் கேட்டோம். வந்த பதில்கள் நீங்கள் எதிர்பார்க்கக் கூடியவைதான். ரஜூலா கப்பல், கங்காணி, காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டம், கேரித் தீவு, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த தாத்தாக்கள் நாலைந்து பேர். நிகழ்ச்சி முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். ஒலிபரப்புக்கு வேண்டாம், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார்.

"தம்பி, எங்க பாட்டனோட அப்பா தோட்டத்துக்கு வந்தவர் இல்லப்பா. அதுக்கெல்லாம் முன்னாடியே பினாங்குக்குச் சங்கிலியோட வந்தவர்னு எங்க பாட்டி சொல்லும். என்ன தப்பு பண்ணினாரோ தெரியாது. இத ரேடியோவுல போட்டுறாதீங்க. பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

பெயர், ஊர் இல்லாமல் எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். கல்யாணம் முடியட்டும் என்றார். போன மாதம் முடிந்தது.

அந்த அழைப்புக்குப் பிறகுதான் பினாங்குக்குப் புறப்பட்டேன். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்கு சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து ஃபெரி. கடலைக் கடக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், இதே கால்வாய்க்குள் கால் விலங்கோடு வந்து நங்கூரம் போட்டவர்களை நினைத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான். பக்கத்தில் ஒரு குடும்பம் நாசி கண்டார் எந்தக் கடையில் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடி நாட்டியது 1786-இல். தீவு முழுக்கக் காடு. மரம் வெட்ட, சதுப்பைத் தூர்க்க, சாலை போட ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவில் சிறைகள் நிறைய இருந்தன. இரண்டையும் இணைத்தார்கள். 1790-ஐ ஒட்டி இந்தியக் கைதிகள் பினாங்குக்கு வரத் தொடங்கினார்கள். 1796-இல் அந்தமானில் இருந்த முதல் கைதிக் குடியேற்றத்தைக் காய்ச்சல் தாங்காமல் மூடியபோது அங்கிருந்தவர்களும் இங்கே வந்தார்கள். பிறகு மலாக்கா, சிங்கப்பூர். 1860 வரை நீரிணைப் பகுதிக்கு வந்த இந்தியக் கைதிகள் சுமார் 15,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தார்கள், சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் தமிழர்கள் இல்லை. ஆனால் தமிழர்கள் இருந்தார்கள்.

இந்தத் தண்டனைக்குப் பழைய தமிழில் 'தீவாந்தர சிட்சை' என்று பெயர். தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு. எந்தத் தீவு, எவ்வளவு தூரம் என்று தீர்ப்பைக் கேட்டவனுக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு அது சாவுக்கு அடுத்தபடி. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் வேறு.

ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனேன். எல்லாரும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கிக்கு முன்னால்தான் கூட்டமாக நிற்கிறார்கள், பிள்ளை வரம் தரும் பீரங்கி என்று ஒரு நம்பிக்கை. நீங்கள் போனால் பீரங்கியை விட்டுவிட்டு மதிலைப் பாருங்கள். முதலில் நீபோங் மரக் கட்டைகளை நட்டு வேலி போட்ட கோட்டைதான் அது. 1804-இல் அதைச் செங்கல்லாலும் கல்லாலும் மாற்றிக் கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கையை வைத்தால் வெயிலில் சூடேறிய கல் சுடுகிறது.

அந்த வேலை தொடங்கும்போது பினாங்கில் இன்னொரு வகைக் கைதிகளும் இருந்தார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டது பள்ளிப் பாடத்தில் வருகிறது. அதற்குப் பின் நடந்ததைப் பாடத்தில் அதிகம் சொல்வதில்லை. 1802 பிப்ரவரியில் பாளையக்காரர் போரில் பிடிபட்ட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர், அப்போது அவருக்குப் பதினைந்து வயதுதான்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் இந்தத் துரைசாமியைப் பற்றி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பு சின்ன மருதுவோடு பழகியவர் வெல்ஷ். வளரி எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று சொல்கிறார். தூத்துக்குடியில் கைதிகளைக் காவல் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அந்தப் பையனின் விலங்குப் பாரத்தைக் குறைத்தார். பதினாறு வருடம் கழித்து, 1818-இல், வெல்ஷ் பினாங்குக்கு வருகிறார். தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைத் தேடி வந்து நிற்கிறார். யார் என்று அடையாளம் தெரியவில்லை. அந்த ஆள் பெயரைச் சொல்கிறார்: துரைசாமி. கணக்குப் போட்டால் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வயது.

என் வயதும் கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று வேறு எதுவும் படிக்கவில்லை.

துரைசாமிக்குப் பெயர் இருக்கிறது, குலம் இருக்கிறது, எழுதிவைக்க ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது எதுவும் இல்லை. அவர்களின் எழுத்து நெற்றியில்தான் இருந்தது. வங்காளத்தில் 1797-இலும் சென்னை மாகாணத்தில் 1802-இலும் ஒரு விதி வந்தது. ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயர், குற்றம், தண்டனை விவரத்தைப் பச்சை குத்த வேண்டும். தப்பித்து ஓடினாலும் முகமே காட்டிக்கொடுத்துவிடும். 1849-இல் அதை ஒழித்தார்கள். அதற்கு முன் வந்தவர்கள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். விடுதலையான பிறகும்தான்.

பினாங்கில் நடந்துகொண்டே போனால் கப்பித்தான் கெலிங் மசூதி வரும். 1801-இல் தொடங்கியது, சூலியா முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் கட்டியது. அந்தப் பெயரில் இருக்கும் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இன்று அந்தச் சொல் நம்மைப் பார்த்து வீசப்பட்டால் சண்டை வரும், வர வேண்டும். அதற்கு ஒரு கதை சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: சங்கிலி போட்ட இந்தியக் கைதிகள் நடக்கும்போது 'கிளிங் கிளிங்' என்று சத்தம் வந்ததாம், அதனால் அந்தப் பெயராம். சத்தியமாக இல்லை. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்பதுதான் அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். லைட் பினாங்கில் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே 'செஜாரா மெலாயு'வில் கெலிங் நாடு வருகிறது, மரியாதையோடு வருகிறது. மலாக்காவில் கம்போங் கெலிங் மசூதி 1748-ஐச் சேர்ந்தது. ஆனாலும் இந்தச் சங்கிலிக் கதை சாகாமல் இருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தேன். சங்கிலியோடு நடந்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். மலாய்க்காரர்கள் அவர்களை 'ஓராங் ரந்தாய்' என்றார்கள், சங்கிலி ஆள் என்று பொருள். சொல்லின் பிறப்புதான் பொய், தெருவில் கேட்ட சத்தம் பொய்யில்லை.

சிங்கப்பூர் கதை கொஞ்சம் வேறு. சுமத்ராவின் பென்கூலனில் கம்பெனிக்கு ஒரு குடியிருப்பு இருந்தது. 1824 ஒப்பந்தத்தில் அது டச்சுக்காரர்களுக்குப் போனது. அங்கிருந்த இந்தியக் கைதிகளை இடம் மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் 'ஹொரேஷியோ' கப்பலில் சிங்கப்பூரில் இறங்கிய முதல் கூட்டம் சுமார் 80 பேர். எல்லாரும் சென்னை மாகாணத்திலிருந்து பென்கூலனுக்குத் தண்டனையில் போனவர்கள். அதாவது சிங்கப்பூரின் கைதிக் கதை நம்மவர்களோடுதான் தொடங்குகிறது.

அங்கே அவர்களை நடத்திய முறை ஆஸ்திரேலியாவை நினைவுபடுத்தும். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். நாலாம் வகுப்பு புதிதாக வந்தவர்கள். நடத்தை சரியாக இருந்தால் மூன்றாம் வகுப்பில் சாலை வேலை, இரண்டாம் வகுப்பில் காவல் வேலை, முதல் வகுப்பு என்றால் விடுப்புச் சீட்டோடு வெளியே பிழைப்பு. தப்பு செய்தால் ஐந்தாம் வகுப்பு, கனத்த விலங்கு. முதியவர்கள், பெண்கள், நோயாளிகள் ஆறாவது. இதில் வியப்பு என்னவென்றால், கைதிகளைக் காவல் காத்தவர்களும் கைதிகளே. கடைசிக் காலத்தில் இந்தச் சிறையை நடத்திய மெக்நேர் என்ற அதிகாரி எழுதிய புத்தகத்தின் தலைப்பே அதுதான்: கைதிகளே தங்கள் காவலர்கள். கைதிகளுக்குள் மேற்பார்வை பார்த்தவனுக்குத் 'தண்டல்' என்று பெயர். கேட்ட சொல்லாக இருக்கிறதா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பின்னாளில் இங்கே சாலை வேலைக் கும்பலை மேய்த்தவருக்கும் அதே பெயர்தான்.

மெக்நேர் பெருமையாக எழுதுகிறார், எழுதத்தான் செய்வார். அவருடைய ஏற்பாட்டில் தச்சர், கொல்லர், கொத்தனார் உருவானார்கள் என்பது உண்மை. கூலி கொடுக்காமல் ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இன்று சிங்கப்பூர் அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டியவர்கள் இவர்கள். தோட்டங்களில் புலி ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனபோது வேட்டைக்கு அனுப்பப்பட்டவர்களும் இவர்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். எம்.ஆர்.டி. சிட்டி ஹால் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது. 1856-இல் தொடங்கி 1861-இல் முடிந்தது. உள்ளே அந்தச் சுவர், தூண்களின் வழவழப்பு செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, காயக் காயக் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. ஆங்கிலேயர்கள் அதை 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றார்கள். இங்கிலாந்து பாணியில் ஒரு மாதாகோவில், உள்ளே பூச்சு நம்ம ஊர் வீட்டுச் சுவர். மணிக்கணக்காகச் சுவரைத் தேய்த்தவனுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்காதா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசியாக இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன். நம்ம பிரிக்ஃபீல்ட்ஸ் பெயர் செங்கல் சூளையால் வந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டதால் பிறந்த சூளைகள். சிங்கப்பூரில் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, சிராங்கூன் சாலையில் கைதிகள் சூளை போட்டுச் செங்கல் அறுத்தார்கள். 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் அந்தச் செங்கல்லுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதாவது, நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பிப் போக முடியாத நாட்டுக்கு அவர்கள் அறுத்த கல் போய்ப் பரிசு வாங்கியிருக்கிறது.

1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தன. இந்தியக் கைதிகள் வேண்டாம் என்று இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே கூச்சல் போட்டிருந்தார்கள், 1857 கலகத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாக. 1873-இல் கைதிகள் ஏற்பாட்டையே கலைத்தார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் அந்தமானுக்குப் போனார்கள். சீட்டு வாங்கி வெளியே இருந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். பால் மாடு வைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழராக, மலாய்க்காரராக, ஜாவி பெரனாக்கானாக இருக்கக் கூடும். தலைப்பாகையை இறக்கிக் கட்டியவரின் வீட்டில் மூன்றாம் தலைமுறைக்கு யார் கதை சொல்லியிருப்பார்கள்? சொன்ன ஒரு பாட்டியும் வெளியே சொல்லாதே என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

சாலை போட, ரயில் பாதை வெட்ட, தோட்டம் திருத்த ஆள் தேவை என்பது மட்டும் 1873-க்குப் பிறகும் மாறவில்லை. 1872-இல்தான் சென்னை மாகாணத்திலிருந்து நீரிணைக்குத் தொழிலாளர்களை அனுப்ப இந்திய அரசு சட்டப்படி அனுமதி கொடுத்தது. நாம் சஞ்சிக்கூலி என்று சொல்கிற ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். இவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைத் தண்டனை. 1910-இல் அந்த முறை முடிவுக்கு வரும்வரை இப்படித்தான். கிள்ளான் அம்மாவின் பேத்தியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்துப் பரம்பரை என்று பெருமையாகச் சொல்கிறார்களாம். அந்தப் பெருமையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தோட்டத்திலிருந்து ஓடிப் பிடிபட்டுச் சிறைக்குப் போன ஒரு தாத்தா அந்தப் பரம்பரையிலும் இருந்திருக்கலாம். சங்கிலியோடு வந்தவர் மட்டும் ஏன் ஒளிக்கப்பட வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியாதது.

கப்பல்கள் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீரிணைப் பகுதியில் தண்டனை பெற்ற சீனர்களை இங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சிறையில் இடமில்லை என்று நீலகிரிக்கு ஏற்றி, நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலை கொடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் மரம் அது. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் வரிசையில் அவர்களின் பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அடுத்த முறை ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கூடலூர் சாலையில் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள். நடுவட்டத்தில் அந்தச் சிறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே தேயிலைத் தொழிற்சாலை.